கதவைத் திறந்த முதல் பத்து நிமிடம்

என் மகள் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போட்டிருந்த பட்டியலை நான் தற்செயலாகத்தான் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை காலை. கிள்ளானில் நான்காவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் மடிக்கணினியைத் திறந்தபடியே வைத்துவிட்டு, பால்கனியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போயிருந்தாள். திரையில் வரிசையாகத் தூரத்து ஊர்கள். முதலில் சபா. அடுத்து சரவாக். அதற்குக் கீழே பெர்லிஸ், அதற்கும் கீழே திரங்கானு. அவள் படிக்க ஆசைப்பட்ட உணவு அறிவியல், வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடத்திலும் இருந்தது. அந்த இடம் பட்டியலிலேயே இல்லை.

நான் கத்தினேன். துணிக்கூடையோடு அவள் உள்ளே வருவதற்குள் ஆரம்பித்துவிட்டேன். ஒரே பிள்ளை, கடல் தாண்டிப் போகும் அளவுக்கு அப்படி என்ன வந்தது, யாரைக் கேட்டு முடிவு செய்தாய், பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா என்று அடுக்கிக்கொண்டே போனேன். எதிர் வீட்டு ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது. எங்கள் மாடியில் அது வழக்கமான சத்தம்தான்.

நான் முடிக்கும்வரை மகள் நின்றாள். பிறகு கூடையைக் கீழே வைத்தாள்.

"அங்க போனா அமைதியா இருக்கும்மா."

கோபமாகச் சொல்லவில்லை. ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். அடுப்படியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த என் கணவர் குழாயை மூடினார். மகளை ஏதாவது கண்டிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். அம்மா அப்படியெல்லாம் கத்துவதில்லையே என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை என்பது எனக்குப் புரிந்தது. மகள் சொன்னதைவிட அதுதான் உறைத்தது.

வெளியில் என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஓர் அலுவலகத்தில் நான் தொலைபேசிச் சேவைப் பிரிவில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். கார் காப்புறுதி. நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டி நின்றுபோனவர்கள், மோதிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்கள், இழப்பீட்டுக்கு விண்ணப்பம் போட்டு மூன்று வாரமாகப் பதில் வராதவர்கள் எல்லோரும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் திட்டு வாங்கியிருக்கிறேன். யாராலும் சமாளிக்க முடியாத ஆளை என் மேசைக்குத்தான் திருப்பிவிடுவார்கள். ஒருமுறை கெட்ட வார்த்தையில் தொடங்கிய ஒரு பெரியவர், இருபது நிமிடம் கழித்து, "சாப்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தார். அந்த வேலையில் எனக்குப் பெருமை உண்டு, கொஞ்சம் கர்வமும் உண்டு.

மாலை ஐந்தரைக்கு ஹெட்போனைக் கழற்றி வைப்பேன். கூட்டத்தில் நின்றபடியே ரயிலில் கிள்ளான் வருவேன். மாடி ஏறி வந்து கதவைத் திறந்தால், செருப்பு ஏன் வழியில் கிடக்கிறது, சிங்கில் ஏன் தட்டு கிடக்கிறது, மழை வரப்போகிறது துணியை ஏன் எடுக்கவில்லை. ஒரு நாளும் தவறியதில்லை. எனக்குப் பொறுமை இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. முன்பின் தெரியாதவர்களுக்கு ஒன்பது மணி நேரம் அதை அள்ளிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன்.

அந்த வாரமே மாறிவிடுவது என்று முடிவெடுத்தேன். எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. தைப்பூசம் வர இரண்டு மாதம் இருந்தது. நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து, பத்துமலைக்குப் பால்குடம் எடுத்து, இனி வீட்டில் குரலை உயர்த்துவதில்லை என்று முருகனிடம் சொல்லிவிட்டு வருவது. அதோடு முடிந்தது.

நாற்பத்தெட்டு நாளும் நான் கத்தவில்லை. தரையில் படுத்தேன், சைவம் சாப்பிட்டேன், செருப்பு எங்கே கிடந்தாலும் தாண்டிப் போனேன். மகள் என்னைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்தாள். தைப்பூசத்தன்று பால்குடத்தோடு அத்தனை படியும் ஏறினேன். கண்ணீர் வந்தது. கீழே இறங்கி வந்தபோது, மாற்றுத் துணி இருந்த பையைத் தண்ணீர்ப் பந்தலில் வைத்துவிட்டு வந்துவிட்டதாகக் கணவர் சொன்னார். பந்தல் ஆற்றுப் பக்கம் இருந்தது. நடுவில் அவ்வளவு கூட்டம். நெற்றியில் சந்தனம் காயவில்லை, நான் அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று அவரைப் பார்த்துக் கத்தினேன். மகள் யாரோ ஒருவருடைய காவடியைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு செய்தது எல்லாம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. குளிர்பெட்டிக் கதவில் 'பொறுமை' என்று மஞ்சள் தாளில் எழுதி ஒட்டினேன். அந்தத் தாளில் யாரோ குழம்புக் கையை வைத்துவிட்டார்கள் என்று ஒருநாள் கத்தினேன். கோபம் வந்தால் பத்து எண்ணச் சொன்னார்கள், எண்ணினேன், பதினொன்றில் வெடித்தேன். ஒவ்வொரு முறை தோற்றபோதும் நிலைமை முன்பைவிட மோசமாயிற்று. முன்பெல்லாம் கத்திவிட்டு மறந்துவிடுவேன். இப்போது அவமானமும் சேர்ந்துகொண்டது. கணவர் சும்மா நிமிர்ந்து பார்த்தால்கூட என் தோல்வியைக் கணக்கெடுக்கிறார் என்று தோன்றும். "என்ன பாக்கறீங்க?" என்று அதற்கு ஒரு சண்டை வரும்.

சுபாங் ஜெயாவில் இருக்கும் என் அண்ணனிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நீ எதுக்கு லா மாறணும்? நீ கத்தலன்னா அப்பா அன்னைக்கே போயிருப்பாரு."

அவர் எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் ஏழு பிள்ளைகள் இரண்டு அறையில் வளர்ந்தோம். பின்னால் ரயில் போகும். மெதுவாகப் பேசுகிற பிள்ளைக்கு அங்கே இரண்டாவது கரண்டி சோறு கிடைக்காது. எனக்கு இருபது வயதாக இருந்தபோது அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனையில் எண் சீட்டைக் கையில் பிடித்தபடி ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வேர்த்துக் கொட்டியது. அண்ணன்மார் இரண்டு பேரும் சுவர் ஓரம் நின்றார்கள். நான்தான் எழுந்து போய், கூடம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். டாக்டர் ஓடி வந்தார். அப்பா அதற்குப் பிறகு பதினொரு வருடம் இருந்தார். அன்றிலிருந்து வீட்டில் எந்தக் காரியமானாலும், "அவள அனுப்பு, அவ வாய்க்கு வேலை நடக்கும்" என்பார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

அண்ணனோடு பேசி முடித்து வெகுநேரம் யோசித்தேன். விட முடியாமல் நான் தவித்தது வெறும் கெட்ட பழக்கத்தை மட்டும் அல்ல. அந்தக் குரல் எனக்கு நிறைய செய்திருக்கிறது. அப்பாவைத் திருப்பித் தந்திருக்கிறது. ஏழு பேரில் நான் யார் என்று எனக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறது. அதைக் கீழே வைத்துவிட்டால் இந்த வீடு எப்படி நடக்கும் என்ற பயம் அடியில் கிடந்தது. துணி நனையும், தட்டு காயும், மகள் தேர்வில் தோற்பாள், கணவர் மருந்தை மறப்பார். நான் கத்துவதால்தான் எல்லாம் ஓடுகிறது என்று முப்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தவளிடம் 'பொறுமை' என்று ஒரு தாளை ஒட்டினால் என்ன ஆகும்? என் மீது எனக்கிருந்த எரிச்சல் அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது. வழி மட்டும் தெரியவில்லை.

வழி அலுவலகத்தில் கிடைத்தது. அந்த மாதம் எங்கள் பிரிவுக்குப் புதிதாக ஒருவர் சேர்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஸ்ரீ கெம்பாங்கான்காரர். இருபது வருடம் லோரி ஓட்டியவர். முதுகுத்தண்டில் கோளாறு வந்து, இனி ஸ்டியரிங் பிடிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் இந்த வேலைக்கு வந்திருந்தார். நல்ல மலாய், சுமாரான ஆங்கிலம், ஆனால் குரல் மட்டும் இன்னும் லோரியிலேயே இருந்தது. அவர் பேசினால் நான்கு மேசை தள்ளி இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். முதல் வாரத்திலேயே மூன்று புகார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிடும்படி என்னிடம் சொன்னார்கள்.

"அக்கா, நான் லோரி ஓட்டுனவன்," என்றார். "அவன் கத்துனா நானும் கத்திருவேன். பொறுமை எல்லாம் நமக்கு வராது லா. வேற வேலை பாத்துக்கறேன்."

"அண்ணே, உங்கள யாரு பொறுமையா இருக்கச் சொன்னது?" என்றேன். "முதல் வாக்கியம் மட்டும் பாருங்க. அவரு என்ன சொன்னாரோ, அதையே திருப்பிச் சொல்லுங்க. 'உங்க காரு நடுரோட்டுல நிக்குது, மழை பெய்யுது, பிள்ளைங்க உள்ள இருக்காங்க.' அவ்வளவுதான். அதுக்கப்புறம் கத்தணும்னா கத்திக்கங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இன்னொன்னு. காலையில சாப்பிடாம போன் எடுக்காதீங்க."

அவர் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். இரண்டு நாளில் அவர் குரல் இறங்கியது. மூன்றாவது வாரம் புகாரே இல்லை. முதல் வாக்கியத்தை ஒழுங்காகச் சொல்லிவிட்டால், அடுத்ததைக் கத்துவது மனிதனுக்குக் கஷ்டம். பதினெட்டு வருடமாக நான் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். நல்ல மனிதராக மாறுங்கள் என்று இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மறுநாள் வேலைக்கு வர மாட்டார்கள்.

ஒரு மாலை ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இது எனக்கு உறைத்தது. என்னிடம் மட்டும் நான் ஒரேயடியாக வேறு ஆளாக ஆகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் எப்போது கத்துகிறேன் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கத்துவதில்லை. காலையில் எப்போதாவது. மற்றபடி எல்லாமே ஓர் இடத்தில் நடந்தது: வாசல் கதவிலிருந்து அடுப்படி வரை. பத்து நிமிடம்தான். அதற்குப் பிறகு நடந்த சண்டைகள் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தின் மிச்சம்.

வீட்டில் சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. முன்பு அவ்வளவு பெரிதாக அறிவித்துத் தோற்றவள். இருந்தாலும் சாப்பிடும்போது சொன்னேன்.

"நாளையிலேர்ந்து நான் வீட்டுக்கு வந்ததும் யார்கிட்டயும் பேச மாட்டேன். நேரா குளிக்கப் போயிருவேன். குளிச்சிட்டு வந்துதான் பேசுவேன். வேற ஒன்னும் சத்தியம் பண்ணல. இது மட்டும்தான்."

மகள் தட்டைப் பார்த்தபடி கேட்டாள். "குளிச்சிட்டு வந்து கத்தினீங்கன்னா?"

"கத்தினா கத்தினதுதான். குளிக்கறத மட்டும் விட மாட்டேன்."

கணவர் தொண்டையைச் செருமினார். அவர் கிள்ளான் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுபவர். அதிகம் பேச மாட்டார்.

"நீ பசியோட வர்ற," என்றார். "மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டா, ஏழு மணிக்கு மாடி ஏறுற. பசி வந்தா உனக்குக் கண்ணே மாறிரும். நான் ரொம்ப வருஷமா பாக்கறேன்."

"ஏன் இத்தனை வருஷமா சொல்லல?"

"சொன்னா கத்துவ."

மகள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து அவருக்குக் காலை வேலையாக இருந்தால், மாலையில் மோட்டார் சைக்கிளில் ரயில் நிலையத்துக்கு வந்து நிற்பார். கையில் ஒரு பொட்டலம் இருக்கும். மசாலா அடைத்துப் பொரித்த கறிபாப், இல்லையென்றால் வடை. ஹெல்மெட்டைப் போடுவதற்கு முன்னால் அதைத் தின்று முடிப்பேன். வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளியலறை. முதல் வாரம் செருப்பையும் சிங்கையும் பார்க்காமல் போவது, பாதையில் கிடக்கும் தேளைப் பார்க்காமல் தாண்டுவதுபோல இருந்தது. தண்ணீர் தலையில் விழுந்ததும் செருப்பு வெறும் செருப்பாகிவிடும். வெளியே வந்து, "அந்தத் தட்டக் கழுவிரும்மா" என்றால் மகள் கழுவிவிடுவாள். சத்தம் இல்லாமல் தட்டு கழுவப்படும் என்பது எனக்கு உண்மையிலேயே புதுச் செய்தி.

தவறினேன். ஒன்றிரண்டு முறை இல்லை, நிறைய. மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, மகள் ரயில் அட்டையை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடியபோது, அவளைப் 'பொறுப்பில்லாதவள்' என்பதில் தொடங்கி, சொல்லக்கூடாததையெல்லாம் சொன்னேன். அவள் அட்டை இல்லாமலே போய்விட்டாள். பழைய நானாக இருந்தால், அவ்வளவுதான், எனக்கு இது வராது என்று எல்லாவற்றையும் விட்டிருப்பேன். அன்று முழுக்க அலுவலகத்தில் ஒன்றை மட்டும் யோசித்தேன். ஓர் அழைப்பு கெட்டுப்போனால் நாங்கள் என்ன செய்வோம்? அன்றைக்குள் திருப்பிக் கூப்பிடுவோம். தப்பைச் சொல்வோம். காரணம் சொல்ல மாட்டோம்.

மாலையில் குளித்துவிட்டு அவள் அறை வாசலில் நின்றேன். என் அம்மா என்னிடம் ஒருநாளும் தப்பென்று சொன்னதில்லை. எங்கள் வீடுகளில் பெரியவர்கள் கோபம் ஆறினால் பிடித்ததைச் சமைத்துப் போடுவார்கள், அதுதான் மன்னிப்பு. நானும் அப்படித்தான் சமைத்திருந்தேன். அது போதாது என்று தெரிந்ததால் நின்றேன்.

"காலையில நான் பேசினது தப்பு," என்றேன். 'ஆனா நீ' என்று அடுத்த வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கினேன். விரதமிருந்த நாட்களைவிட அது கஷ்டமாக இருந்தது.

மகள் என்னைப் பார்த்தாள். ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தாள். எதுவும் வராதபோது, "சரிம்மா," என்றாள். சற்றுப் பொறுத்து, "அட்டை பையிலயேதான் இருந்துச்சு," என்றாள்.

இப்படியே நான்கைந்து மாதம் போயிற்று. கத்தாத நாட்கள் அதிகமாயின. பிறகுதான் அந்தத் தண்ணீர் இல்லாத நாள் வந்தது.

இங்கே தண்ணீர் நிறுத்தப்படுவதும், முன்னாலேயே அறிவிப்பு வருவதும், நாம் இருக்கிற வாளி, பேசன், பழைய பெயின்ட் டப்பா வரைக்கும் நிரப்பி வைப்பதும் வழக்கம்தான். நானும் முந்திய நாளே எல்லாவற்றையும் நிரப்பி, குளியலறையில் வரிசையாக வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் நல்ல மழை. கணவர் போன் செய்து, மழையில் மோட்டாரில் வர முடியாது, வாடகைக் காரில் வந்துவிடு என்றார். கார் ஒன்றும் கிடைக்கவில்லை. குடை இருந்தும் நனைந்தேன். சாக்கடை நிரம்பி வழிந்த தண்ணீரில் முழங்கால் வரை கால் வைத்து நடந்தேன். வடை இல்லை. நான்கு மாடி ஏறும்போது என் மனதில் இருந்தது அந்த வாளிகள் மட்டும்தான்.

கதவைத் திறந்தேன். வீடு பளபளவென்று இருந்தது. தரை ஈரமாகப் பளிச்சிட்டது. நடுவில் கணவர் மாப்போடு நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"மதியமே தண்ணி வந்திரும்னு போட்டிருந்தான்," என்றார். "உனக்கு வேலை மிச்சமாகட்டுமேன்னு வீடு, பாத்ரூம், கிச்சன் எல்லாம் கழுவிட்டேன். இப்ப நாளைக்குத்தான் வருமாம்."

"வாளியில?"

"ஒன்னும் இல்ல."

எனக்குள் எல்லா வார்த்தையும் தயாராக இருந்தது. நல்ல வார்த்தைகள், கூர்மையானவை. சாக்கடைத் தண்ணீர் என் காலிலிருந்து அவர் துடைத்த தரையில் சொட்டியது. மகள் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். என் ஏற்பாடு முழுக்க அந்தக் குளியலில்தான் நின்றது. குளிக்கத் தண்ணீர் இல்லாத நாளுக்கு நான் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை.

கைப்பையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். அரை மாடி இறங்கி, படியில் உட்கார்ந்தேன். சுவரில் இருந்த காற்றுத் துளைகள் வழியாகச் சாரல் அடித்தது. கோபம் போகவில்லை. அதைப் போகச் சொல்லவும் இல்லை. உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் கோபத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய ஆரம்பித்தது. குளிர். பசி. கால் வலி. இன்னும் கொஞ்சம் அடியில், அவர் எனக்காகத்தான் அதைச் செய்தார் என்பது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மகள் ஒரு துவாலையைக் கொண்டுவந்து என் தோளில் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"கத்துவீங்கன்னு நெனச்சேன்," என்றாள்.

"நானும்தான்."

மேலே போனோம். கணவர் மாப்பைக்கூட வைக்காமல் அதே இடத்தில் நின்றார். "டீ போட தண்ணி இருக்கா?" என்று கேட்டேன். குளிர்பெட்டியில் ஒரு போத்தல் இருந்தது. மகள் பால்கனிக்கு ஓடி, காலி வாளிகளைக் கம்பிக்கு வெளியே நீட்டியிருந்த துணிக் கழியில் மாட்டி மழை பிடித்தாள். அந்தத் தண்ணீரில் கால் கழுவினேன். அன்றைக்கு எனக்குள் ஏற்பட்ட பெருமையை எதோடு ஒப்பிடுவது என்று தெரியவில்லை. குளியல் என்பது ஒரு சாக்குத்தான். நின்று, திரும்பி, அரை மாடி இறங்க என் கால்களுக்கே தெரிந்திருந்தது. அத்தனை மாதம் அவை பழகியிருந்தன.

மகளுக்குச் சபாவில் இடம் கிடைத்தது. ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் மாறிவிட்டால் அவள் போகாமல் இருந்துவிடுவாள் என்று அடிமனதில் ஒரு பேரம் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கடிதம் வந்தபோது அவள் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் அது உடைந்தது. இரண்டு நாள் கழித்துக் கேட்டேன்.

"இப்பதான் வீடு அமைதியா இருக்கே. அப்புறம் ஏன் போற?"

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "விண்ணப்பம் போடும்போது தப்பிச்சுப் போகணும்னுதான் போட்டேன். இப்ப அப்படி இல்லம்மா. எனக்கே அந்த ஊரப் பாக்கணும் போல இருக்கு."

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புரிந்தது. ஒரு பிள்ளை ஓடிப்போவதும், புறப்பட்டுப் போவதும் ஒன்றா? விமான நிலையத்தில் அழுதேன். ஆனால் நிமிர்ந்துதான் நின்றேன்.

முதல் பருவம் முடிவதற்குள் வேதியியல் தாளில் அவள் தோற்றுப்போனாள். அதை முதலில் என்னிடம்தான் சொன்னாள். போனில் அவள் அழுதபோது, அறிவுரைகள் எல்லாம் என் நெஞ்சில் முட்டி மோதின. "தாளு கஷ்டமா இருந்திச்சு, நல்லா படிச்சும் வரல, அதானே?" என்று அவள் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். அவள் மேலும் அரை மணி நேரம் பேசினாள். மறு தேர்வில் தேறினாள். ஒருமுறைகூட நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் தோற்ற செய்தியே எனக்கு வந்திருக்காது.

சென்ற ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு அவள் தனியாக வரவில்லை. விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருக்கும், சபாவின் பூர்வகுடியான கடசான் பெண்ணைக் கூட்டி வந்தாள். ஒரு வாரம் எங்களோடு இருக்கட்டும் என்று முன்பே கேட்டிருந்தாள். சரி என்று சொல்லிவிட்டு, அறையில் கூடுதலாக ஒரு மெத்தை போட்டபோதுதான் எனக்குத் தோன்றியது: ஆரம்பப் பள்ளியிலிருந்து பள்ளிப் படிப்பு முடிந்த ஆறாம் படிவம் வரை, என் மகள் ஒரு தோழியைக்கூட இந்த வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை. அவளுக்குத் தோழிகள் அதிகம் இல்லை போலும் என்று நான் நினைத்திருந்தேன். மெத்தை உறையைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண் வந்த இரண்டாம் நாள் நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அடுப்படி முழுக்க மாவு. அவளுக்குத் தோசை சுடச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். கல்லில் ஒட்டிக் கருகிய ஒன்றைக் கணவர் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். மாவுக் கிண்ணம் அடுப்பு ஓரத்தில் சாய்ந்து, தரை வரை வழிந்திருந்தது. அந்தப் பெண் என்னைக் கண்டதும் கொஞ்சம் பயந்து, "மாஃப், ஆன்டி," என்று மலாயில் மன்னிப்புக் கேட்டாள்.

என் மகள் தலை நிமிராமலே அவளிடம் மலாயில் சொன்னாள். "பயப்படாத. எங்கம்மா ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

என் மகள் என்னைப் பற்றி ஒரு வெளியாளிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். இப்போது குரல் உயர்வதே இல்லை என்று சொன்னால் பொய். போன வாரம்கூடக் கத்தினேன்; அன்றைக்கே தப்பென்று சொன்னேன். ஆனால் என் மகளுக்கு அந்த வாக்கியத்தைச் சொல்ல யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"தள்ளுங்க," என்றேன் கணவரிடம். "இன்னும் பசிக்குதுல்ல எல்லாருக்கும்?" கைப்பையை நாற்காலியில் போட்டுவிட்டு, மாவை மிதித்துக்கொண்டே அடுப்பருகே போனேன்.